ஒட்டுவதும் ஒட்டாததும்: குறுங்காணொளிப் பொருள்களின் அறிவியல்

கைபேசியில் ஓடும் குறுங்காணொளிகளில் வீட்டு உபயோகப் பொருள்களுக்கென்றே ஒரு தனி வகை உண்டு. உடைந்த பீங்கான் கோப்பையின் கைப்பிடி ஒரு சொட்டுப் பசையில் நொடிப்பொழுதில் ஒட்டிக்கொள்கிறது. வெள்ளைக் கேன்வாஸ் காலணியின்மேல் ஊற்றிய சாக்லெட் சிரப் துளிக் கறையும் வைக்காமல் உருண்டு விழுகிறது. குழந்தை சுவரில் கிறுக்கிய கிரேயான் கோடுகள், தண்ணீரில் நனைத்த வெள்ளை ஸ்பாஞ்சின் ஒரே தேய்ப்பில் காணாமல் போகின்றன. ஆணி அடிக்காமலே ஒரு துண்டு டேப்பில் சுவர்க் கடிகாரம் தொங்குகிறது.

பார்வைக்கு இவை வெவ்வேறு வித்தைகள். ஆனால் ஒட்டவைப்பது, ஒட்டவிடாமல் தடுப்பது, ஒட்டியதை அகற்றுவது என இவை அனைத்தும் இரண்டு பொருள்கள் சந்திக்கும் மேற்பரப்பில்தான் நடக்கின்றன. பெரும்பாலும் தலைமுடியின் கனத்தைவிடப் பல மடங்கு மெல்லிய ஓர் அடுக்கே முழு வேலையையும் செய்கிறது. அந்த அடுக்கில் தூசியோ எண்ணெயோ படிந்தால், அல்லது அது தேய்ந்துபோனால், பொருளின் திறனும் போய்விடும். காணொளியில் அசத்திய பொருள் வீட்டுக்கு வந்ததும் ஏமாற்றுவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

செய்துகாட்டி விற்கும் கலை

பொருளைக் கூட்டத்தின் நடுவே இயக்கிக் காட்டி விற்பது சந்தைத் தெருக்களின் பழைய உத்தி. அமெரிக்காவில் ரான் பொபீல் சிகாகோவின் தெருச் சந்தையில் நின்று காய் நறுக்கும் கருவிகளை விற்றுப் பழகினார். பிறகு அதே பேச்சையும் அதே கைவேகத்தையும் தொலைக்காட்சிக்குக் கொண்டுபோனார். 1960-களில் அவருடைய தந்தை உருவாக்கிய வெஜ்-ஓ-மேட்டிக் என்ற நறுக்கும் கருவி அப்படித்தான் புகழ்பெற்றது.

யூடியூபின் முதல் காணொளி 2005 ஏப்ரல் 23 அன்று பதிவேறியது. அதன் நீளம் 19 நொடி. அடுத்த ஆண்டே பிளெண்ட்டெக் என்ற அமெரிக்க மிக்ஸி நிறுவனம், 'இது அரைபடுமா?' என்ற பொருள் தரும் தலைப்பில் ஒரு காணொளி வரிசையைத் தொடங்கியது. நிறுவனர் டாம் டிக்சன் கோல்ஃப் பந்துகளை அரைத்துக் காட்டினார். 2007-இல் அப்போதுதான் வெளிவந்திருந்த ஐபோனையும் ஜாரில் போட்டார். விளம்பரமே வேடிக்கையாகி, மக்கள் தேடிப் பார்க்கும் பொருளானது.

இந்தியாவில் 2020 ஜூன் இறுதியில் டிக்டாக் தடைசெய்யப்பட்டது. ஜூலையில் இன்ஸ்டாகிராம் ரீல்ஸும், செப்டம்பரில் யூடியூப் ஷார்ட்ஸின் சோதனை வடிவமும் இங்கு அறிமுகமாயின. அரை நிமிடத்துக்குள் வியப்பை ஏற்படுத்த வேண்டிய இந்த வடிவத்துக்கு, கண்முன்னே சட்டென்று ஒட்டும், உருளும், மறையும் பொருள்கள் கச்சிதமாகப் பொருந்தின.

தொடுதல் என்றால் என்ன?

மெருகேற்றிய கண்ணாடியும் நுண்ணோக்கியில் மேடுபள்ளமாகவே தெரியும். இரண்டு திடப்பொருள்களை ஒன்றின்மேல் ஒன்று வைப்பது, ஒரு மலைத்தொடரின்மேல் இன்னொன்றைக் கவிழ்த்து வைப்பதற்குச் சமம்: சிகரங்கள் மட்டுமே தொடும், மற்ற இடமெல்லாம் இடைவெளிதான். மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் வாண்டர்வால்ஸ் விசை எல்லாப் பொருள்களுக்கும் உண்டு. ஆனால் அது சில நானோமீட்டர் தொலைவுக்குள்தான் பலிக்கும். ஒரு நானோமீட்டர் என்பது மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மேசைமேல் வைத்த புத்தகம் மேசையோடு ஒட்டிக்கொள்ளாததற்குக் காரணம், இரண்டும் உண்மையில் மிகக் குறைந்த இடத்திலேயே தொடுவதுதான்.

ஒட்டவைக்க வேண்டுமானால் இடைவெளியை நிரப்ப வேண்டும். அதற்கு முதலில் திரவமாகப் பரவிப் பின்பு இறுகும் பொருள் தேவை, அல்லது மேடுபள்ளங்களுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் மென்மையான பொருள் தேவை. ஒட்டாமல் தடுக்க வேண்டுமானால் இதற்கு நேர்மாறாக, தொடும் இடத்தை இன்னும் குறைக்க வேண்டும். சந்தையில் உள்ள பொருள்களில் பெரும்பாலானவை இந்த இரண்டு வழிகளில் ஒன்றைப் பிடித்துக்கொண்டவை.

கொக்கியும் வளையமும்

பசையே இல்லாமல் ஒட்டும் முறைக்கு வெல்க்ரோ சான்று. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் 1941-இல் ஆல்ப்ஸ் மலைப்பகுதியில் வேட்டைக்குப் போய்த் திரும்பியபோது, அவருடைய கால்சட்டையிலும் நாயின் ரோமத்திலும் பர்டாக் என்ற செடியின் முட்காய்கள் ஒட்டியிருந்தன. நம்மூர் நாயுருவி விதைகளும் வேட்டியிலும் புடவையிலும் இப்படித்தான் ஏறிக்கொள்ளும். காயை நுண்ணோக்கியில் பார்த்த டி மெஸ்ட்ரல், முள்நுனிகள் கொக்கியாக வளைந்து துணி இழையின் கண்ணிகளில் மாட்டிக்கொள்வதைக் கண்டார். நைலானில் அதே அமைப்பை உருவாக்க அவருக்கு ஆண்டுக்கணக்கானது. 1950-களில் காப்புரிமை கிடைத்தது.

வெல்க்ரோ பட்டையைப் பக்கவாட்டில் இழுத்தால் எளிதில் வராது. ஒரு முனையைத் தூக்கி உரித்தால் சரசரவென்று வந்துவிடும். பக்கவாட்டில் இழுக்கும்போது எல்லாக் கொக்கிகளும் சேர்ந்து சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. உரிக்கும்போது, பிரியும் விளிம்பில் இருக்கும் ஒரு வரிசைக் கொக்கிகளே முழு விசையையும் தாங்க வேண்டியிருக்கிறது. பசைக்கும் டேப்புக்கும் இதே விதிதான். காணொளிகளில் டேப்பின் வலிமையைக் காட்டக் கனத்த பொருளைச் சுவரோடு ஒட்டித் தொங்கவிடுவார்கள். அங்கே சுமை சுவருக்கு இணையாகக் கீழ்நோக்கி இழுக்கிறது. டேப்புக்கு அது சாதகமான திசை. அதே டேப்பில், சுவரிலிருந்து முன்னுக்கு நீளும் அலமாரித் தட்டை ஒட்டினால், தட்டின் பாரம் டேப்பின் மேல்விளிம்பை உரிக்கத் தொடங்கும்.

நொடியில் இறுகும் பசை

கடையில் சிறு குழாயில் விற்கும் உடனடிப் பசையின் வேதிப்பெயர் சயனோஅக்ரிலேட். இரண்டாம் உலகப்போரின்போது 1942-இல், துப்பாக்கியின் குறிபார்க்கும் கருவிக்குத் தெளிவான பிளாஸ்டிக் தேடிய ஹாரி கூவர் குழுவினர் இதை உருவாக்கினர். தொட்டதிலெல்லாம் ஒட்டிக்கொண்டதால் பயனற்றது என்று ஒதுக்கிவிட்டனர். 1951-இல் ஈஸ்ட்மேன் கோடாக் நிறுவனத்தில் இன்னோர் ஆய்வின்போது இது மறுபடி கையில் கிடைத்தது. இம்முறை அந்தக் குறையையே கூவர் பயனாகக் கண்டார். 1958-இல் பசையாகச் சந்தைக்கு வந்தது.

பல பசைகள் ஈரம் காய்ந்து இறுகுபவை. இது ஈரத்தால் இறுகுவது. குழாய்க்குள் சிறிதளவு அமிலம் சேர்க்கப்பட்டிருப்பதால் அது திரவமாகவே இருக்கிறது. வெளியே வந்ததும், எல்லாப் பரப்புகளிலும் கண்ணுக்குத் தெரியாமல் படிந்திருக்கும் நீர்ப்படலம் அமிலத்தின் தடையை நீக்கி வேதிவினையைத் தூண்டுகிறது. சிறு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலிகளாகிப் பிளாஸ்டிக்காக இறுகுகின்றன. தோலில் ஈரம் எப்போதும் இருப்பதால் விரல்கள் அத்தனை வேகமாக ஒட்டிக்கொள்கின்றன. அப்படி ஒட்டினால் பிய்த்து இழுக்காமல் வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து மெல்லப் பிரிப்பதே முறை.

தூண்டுதல் பரப்பிலிருந்து வருவதால் மெல்லிய படலமே நன்றாக இறுகும். சொட்டுச் சொட்டாக நிறைய ஊற்றினால் நடுப்பகுதி நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். இந்தக் குறையைத் தாண்டத்தான் காணொளிகளில் சமையல் சோடாவைத் தூவுகிறார்கள். சோடா காரத்தன்மை உடையது. பசையை உடனே இறுகச் செய்யும். அதன் தூள் பசைக்குள் சிக்கி, உடைந்த இடத்தின் பள்ளத்தையும் கல்லாக நிரப்பும். இந்தத் தந்திரம் உண்மையிலேயே வேலை செய்யும்.

பஞ்சிலோ பருத்தித் துணியிலோ நிறையப் பசை சிந்தினால் நிலைமை வேறு. எண்ணற்ற இழைகளில் பசை ஒரே நேரத்தில் பரவி இறுகுவதால் வெப்பம் குபீரென்று எழும். துணி புகையும், கீழே தோல் இருந்தால் சுட்டுவிடும். பாலிதீன், பாலிப்ரோப்பிலீன் ஆகியவற்றின் பரப்பில் இந்தப் பசை சரியாகப் பரவாது என்பதால் வாளியும் டப்பா மூடியும் இதில் நிலைத்து ஒட்டுவதில்லை. இறுகிய பசை கண்ணாடி போல் நொறுங்கும் இயல்புடையது. ஒட்டிய கோப்பைக் கைப்பிடி அசையாமல் நின்றாலும் மேசையில் 'டக்'கென்று இடித்தால் மறுபடி பிரியும். அறுவை சிகிச்சையில் தோலை மூட, இதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வகைப் பசையை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1998-இல் அனுமதித்தது. கடையில் விற்கும் பசை காயத்துக்கு உரியதல்ல.

பல்லியின் பெயரில் விற்கும் டேப்

'நானோ டேப்' என்ற பெயரில் விற்கப்படும் கண்ணாடி நிற இருபக்க டேப்பைப் பல விளம்பரங்கள் பல்லியின் காலோடு ஒப்பிடுகின்றன. பல்லிப் பாதத்தில் பசை எதுவும் இல்லை. டோக்கே என்ற பெரிய பல்லியின் பாதங்களில் லட்சக்கணக்கான நுண்மயிர்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் நுனியும் நூற்றுக்கணக்கான கிளைகளாகப் பிரிந்து, சுமார் 200 நானோமீட்டர் அகலமுள்ள தட்டையான முனைகளில் முடிகிறது. இத்தனை முனைகள் சுவரை நெருங்கித் தொடுவதால் சிறிய வாண்டர்வால்ஸ் விசைகள் கூடிப் பல்லியின் எடையைத் தாங்குகின்றன. கெல்லர் ஆட்டம் தலைமையிலான குழு ஒற்றை நுண்மயிரின் பிடிப்பை அளந்து 2000-இல் வெளியிட்டது. மயிரின் கோணம் மாறினால் பிடி விட்டுவிடும். பல்லியால் வேகமாக ஓட முடிவது அதனால்தான். 2003-இல் மான்செஸ்டரில் ஆந்த்ரே கைம் குழு இதைப் பின்பற்றிச் செயற்கை மயிர் டேப் ஒன்றைச் செய்தது. சில முறை ஒட்டி எடுத்ததும் அதன் பிடிப்பு குறைந்துவிட்டது.

சந்தையில் கிடைக்கும் டேப்பில் பெரும்பாலும் அத்தகைய மயிர்கள் கிடையாது. அது மிருதுவான அக்ரிலிக் கூழ். அதன் மென்மையே அதன் திறன்: அழுத்தினால் சுவரின் மேடுபள்ளங்களுக்குள் வழிந்து இறங்கி, தொடும் பரப்பைப் பெருக்குகிறது. ஒரு பொருள் ஒட்டும் தன்மை பெற அது எவ்வளவு மென்மையாக இருக்க வேண்டும் என்ற அளவுகோலை 3எம் நிறுவனத்தின் கார்ல் டால்க்விஸ்ட் வகுத்தார். அழுத்த உணர்வுப் பசைகளுக்கு இன்றும் அதுவே அடிப்படை. அதே நிறுவனத்தில் ஸ்பென்சர் சில்வர் 1968-இல் உருவாக்கிய பசை இதற்கு நேரெதிர்த் தேவைக்கு உதவியது. அது நுண்ணிய உருண்டைகளாக இருந்ததால் காகிதத்தை அங்கங்கே மட்டும் தொட்டது. ஒட்டும், ஆனால் கிழிக்காமல் வந்துவிடும். 1980-இல் அமெரிக்கா முழுவதும் விற்பனைக்கு வந்த போஸ்ட்-இட் தாள்கள் அந்தப் பசையின் பயன்.

நானோ டேப்பைக் கழுவி மறுபடி ஒட்டலாம் என்பது ஓரளவு உண்மை. பரப்பில் படிந்த தூசி கழுவப்பட்டு, புதிய கூழ் வெளிப்படுகிறது. ஆனால் மென்மையான பொருள் தொடர்ந்த சுமையில் மெல்ல மெல்ல நழுவும்; வெப்பம் கூடினால் நழுவலும் கூடும். சித்திரை வெயில் ஏறிய மேற்குச் சுவரில் காலையில் ஒட்டிய கடிகாரம் மாலையில் விழக்கூடும். சுண்ணாம்போ மலிவான டிஸ்டெம்பரோ பூசிய சுவரில் டேப் தோற்பதில்லை, பூச்சுதான் தோற்கிறது: விழுந்த கடிகாரத்தின் முதுகிலிருக்கும் டேப்பில் சுவரின் பூச்சு ஒரு படலமாக ஒட்டி வந்திருக்கும்.

தாமரை இலையும் நீர்விலக்கித் தெளிப்பானும்

ஒட்டாமைக்குத் தமிழில் பழகிய எடுத்துக்காட்டு தாமரை இலைத் தண்ணீர். சேப்பங்கிழங்கு இலையிலும் இதைக் காணலாம். ஒரு துளி, பரப்போடு எந்தக் கோணத்தில் சந்திக்கிறது என்பதைக் கொண்டு நனைதலை அளப்பார்கள். இந்தத் தொடுகோணத்துக்கு 1805-இல் விளக்கம் தந்தவர் தாமஸ் யங். சுத்தமான கண்ணாடியில் நீர் மிகக் குறைந்த கோணத்தில் பரவும். நான்ஸ்டிக் தவாவில் பூசும் டெஃப்லானில் கோணம் சுமார் 110 பாகை. வழவழப்பான பரப்பில், வேதிப்பொருளை மாற்றி மட்டும் ஏறக்குறைய 120 பாகைக்குமேல் போக முடியாது. தாமரை இலையிலோ அது 150-ஐத் தாண்டுகிறது.

ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்ட்லோட் இதன் காரணத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் கண்டார். அவர் குழுவின் புகழ்பெற்ற கட்டுரை 1997-இல் வெளிவந்தது. இலையின் பரப்பு முழுவதும் மைக்ரோமீட்டர் அளவுள்ள குமிழ்கள். குமிழ்களின்மேல் அதைவிட நுண்ணிய மெழுகுக் குழல்கள். நீர்த்துளி இந்த முனைகளில் மட்டும் அமர்கிறது. அடியில் பெரும்பகுதி காற்று. ஆகவே துளி உருண்டையாகவே இருந்து, சாய்த்ததும் ஓடி, போகிற வழியில் தூசியையும் வாரிக்கொண்டு போகிறது.

நீர்விலக்கித் தெளிப்பான்கள் இந்த அமைப்பைப் போலிசெய்பவை. பலவற்றில், நீரை வெறுக்கும் பூச்சேற்றிய சிலிகாவின் நானோ துகள்கள் இருக்கும். தெளித்துக் காய்ந்ததும் அவை சொரசொரப்பான அடுக்காகின்றன. காணொளிகளில் காலணிமேல் ஊற்றப்படுபவை சாக்லெட் சிரப், தக்காளி சாஸ், சேற்றுநீர் போன்றவை. எல்லாமே நீரை அடிப்படையாகக் கொண்டவை. நீரின் பரப்பு இழுவிசை சுமார் 72 அலகு. சமையல் எண்ணெய்க்கு அது பாதிக்கும் குறைவு. இழுவிசை குறைந்த திரவம் காற்றிடுக்குகளுக்குள் எளிதில் ஊறி இறங்கும். அந்தக் காலணியில் நல்லெண்ணெயை ஊற்றியிருந்தால் காட்சி வேறாகியிருக்கும். சோப்புத் தண்ணீருக்கும் இதே விளைவு உண்டு.

தேய்மானம் அடுத்த சிக்கல். தாமரை இலை தேய்ந்த மெழுகை மறுபடி சுரந்துகொள்ளும். தெளித்த பூச்சு அப்படி வளராது. காலணி மடங்கும் விரல்பகுதியில்தான் முதலில் போகும். எண்ணெயையும் விலக்கும் வகைகளில் ஃபுளோரின் சேர்மங்கள் பயன்பட்டு வந்துள்ளன; அவற்றில் பல இயற்கையில் சிதையாமல் தங்குபவை. பூட்டிய அறைக்குள் தெளித்து நுண்துளிகளை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. 2006-இல் ஜெர்மனியில் பரப்புக் காப்புத் தெளிப்பான் ஒன்றைப் பயன்படுத்திய சுமார் நூறு பேருக்கு மூச்சுக் கோளாறு ஏற்பட்டதும் அது சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது.

வழுக்கும் புட்டி

2012-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்திலிருந்து வந்த ஒரு காணொளி உலகம் முழுவதும் பரவியது. புட்டியைக் கவிழ்த்ததும் தக்காளி கெட்சப் கொஞ்சமும் மிச்சமின்றி வழுக்கி வந்தது. லிக்விகிளைட் என்ற இந்தப் பூச்சை உருவாக்கிய குழுவின் தலைவர் கிருபா வாரணாசி, சென்னை ஐஐடியில் பொறியியல் படித்தவர். மாணவர் டேவ் ஸ்மித்தும் அதில் முக்கியப் பங்காற்றினார்.

கெட்சப் சாதாரணத் திரவமல்ல. குறிப்பிட்ட அளவு விசை கிடைக்கும்வரை அது திடப்பொருள் போல அசையாமல் நிற்கும். அதைத் தாண்டினால் பொலபொலவென்று கொட்டும். தாமரை முறையில் இது ஒட்டாமல் தடுப்பது கடினம், ஏனென்றால் காற்றிடுக்குகளுக்குள் சாஸ் அழுந்திப் புகுந்துவிடும். இந்தப் பூச்சில் காற்றுக்குப் பதில் திரவம் இருக்கிறது. புட்டியின் உள்சுவரில் நுண்ணிய சொரசொரப்பை உண்டாக்கி, அதில் ஒரு வழுக்குத் திரவத்தை நுண்புழை விசையால் நிறுத்திவைக்கிறார்கள். சாஸ் சுவரைத் தொடுவதே இல்லை. திரவத்தின்மேல் மிதந்து நகர்கிறது. ஹார்வர்டில் ஜோனா ஐசன்பெர்க் குழு 2011-இல் வெளியிட்ட வழுக்குப் பரப்பும் இதே கருத்தில் அமைந்தது. அதற்கு முன்மாதிரி குடுவைத் தாவரம். மேகாலயாவிலும் இலங்கையிலும் இந்த இனத்தின் உள்ளூர் வகைகள் வளர்கின்றன. குடுவையின் விளிம்பு ஈரமாக இருக்கும்போது அதன்மேல் கால்வைக்கும் எறும்பு நீர்ப்படலத்தில் சறுக்கி உள்ளே விழுந்துவிடும்.

உணவுப் புட்டிக்குள் பூசும் திரவம் உண்ணத்தக்கதாக இருக்க வேண்டும், அடைத்துவைத்த சாஸில் கரையக் கூடாது, மாதக்கணக்கில் சுவரைவிட்டு நகரவும் கூடாது. ஒவ்வோர் உணவுக்கும் பூச்சைத் தனியாக வடிவமைக்க வேண்டியிருப்பதால், கெட்சப் காணொளி பரவிய வேகத்தில் கடைப்புட்டிகள் மாறவில்லை. இத்தொழில்நுட்பம் பயன்பட்ட முக்கியப் பொருள்களில் ஒன்று, 2021-இல் ஐரோப்பாவில் வந்த, உள்ளே மிச்சம் தங்காத ஒரு பற்பசைப் புட்டி.

கறையைத் தின்னும் ஸ்பாஞ்ச்

கிரேயானை அழிக்கும் வெள்ளை ஸ்பாஞ்ச் மெலமின் ஃபோர்மால்டிஹைடு பிசினால் ஆன நுரை. கட்டடங்களில் சத்தத்தையும் வெப்பத்தையும் தடுக்கவே இது முதலில் பயன்பட்டது. வீட்டைச் சுத்தம் செய்ய உதவும் என்பது பின்னர்தான் தெரியவந்தது. ஒரு கன மீட்டர் நுரையின் எடை ஏறக்குறைய 10 கிலோதான், மற்றதெல்லாம் காற்று. கையில் பிடித்தால் பஞ்சுபோல அமுங்கும். ஆனால் அந்த வலைப்பின்னலின் ஒவ்வோர் இழையும் கடினமானது.

இதில் சோப்போ ரசாயனக் கரைப்பானோ இல்லை. தேய்க்கும்போது கடினமான நுண்ணிழைகள் கறையை மிக நுண்ணிய உப்புத்தாள் வேலை செய்வதுபோலச் சுரண்டி எடுக்கின்றன. சுரண்டிய அழுக்கு நுரையின் துளைகளில் தங்குகிறது. மங்கலான பெயின்ட் சுவரில் இந்தச் சுரண்டல் அவ்வளவாகத் தெரியாது. பளபளக்கும் எனாமல் கதவு, காரின் மேற்பூச்சு, நான்ஸ்டிக் பாத்திரம், கைபேசித் திரை ஆகியவற்றில் பளபளப்பு போய் வெண்மூட்டம் படியும். காணொளி கறை மறையும் கணத்தில் முடிந்துவிடுகிறது. காய்ந்தபின் பக்கவாட்டு வெளிச்சத்தில் தெரியும் கீறல் அதில் வருவதில்லை. தேய்க்கத் தேய்க்க ஸ்பாஞ்சும் கரைந்து சிறுக்கிறது. உதிரும் இழைகள் நுண்பிளாஸ்டிக்காகச் சாக்கடையில் சேர்கின்றன.

காணொளியில் வராதவை

இந்தப் பொருள்களில் பெரும்பாலானவை போலியல்ல. அவற்றின் அறிவியல் உண்மையானது. அரை நிமிடத்துக்குள் அடங்காத மூன்று விஷயங்களே விடுபடுகின்றன. முதலாவது பரப்பு: காணொளியில் வருவது துடைத்த கண்ணாடி அல்லது டைல்ஸ், வீட்டில் இருப்பது எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய சமையலறைச் சுவர். இரண்டாவது விசையின் திசை: இழுப்பதைத் தாங்கும் டேப் உரிப்பதைத் தாங்காது. மூன்றாவது காலம்: நழுவல், தேய்மானம், வெப்பத்தின் விளைவு எல்லாம் மணிக்கணக்கிலும் வாரக்கணக்கிலும் நடப்பவை. காட்சி வெட்டப்பட்டு அடுத்த காட்சிக்குத் தாவும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்தக் காலம் ஒளிந்திருக்கிறது.

இந்தியாவில் இவ்வகை விளம்பரங்களுக்கு விதிகள் உண்டு. பணமோ இலவசப் பொருளோ பெற்று ஒரு பொருளைப் பரிந்துரைப்பவர் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று இந்திய விளம்பரத் தர நிர்ணயக் கழகம் 2021-இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. நுகர்வோர் விவகாரத் துறையும் 2023 ஜனவரியில் இதுபோன்ற நெறிகளை அறிவித்தது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் அது 50 லட்சம்வரை உயரலாம்.

வாங்கிய பொருளை முழுதாக நம்புமுன் செய்யக்கூடிய சோதனைகள் எளியவை. ஒட்டும் பரப்பைத் துடைத்துக் காயவைத்து, உடைந்தாலும் பரவாயில்லை என்ற பொருளை ஒரு வாரம் தொங்கவிட்டுப் பார்க்கலாம். தெளிப்பானை உட்புறத் துணி மடிப்பில் அடித்து, நீரோடு ஒரு துளி எண்ணெயும் விட்டுப் பார்க்கலாம். ஸ்பாஞ்சைக் கண்ணுக்குத் தெரியாத மூலையில் தேய்த்து, காய்ந்தபின் சாய்வான வெளிச்சத்தில் பார்க்கலாம். தனக்குரிய சோதனையில் தேறிய பொருள் அந்த வீட்டுக்குப் பயன்படும்.